வரி உட்பட விலை சொல்லட்டும்

நாம் விற்கும் பாக்கெட்டில் எல்லா வரிகளும் உட்பட விலை அச்சிட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் வாங்கினால் அபராதம். ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளுக்கு வரும் பிராட்பேண்ட் நோட்டீசைப் பாருங்கள். மாதம் 499 ரூபாய் என்பது கொட்டை எழுத்தில். 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி என்பது பொடி எழுத்தில். கட்டுவதோ 589 ரூபாய்! நமக்கொரு சட்டம், பெரிய கம்பெனிகளுக்கொரு சட்டமா?

இது மாறும்வரை, கொள்முதல் போலவே இதையும் கணக்குப் பார்த்து வாங்குவோம். தெளிவான ஹெச்.டி. படம் ஒன்றுக்கு 5 எம்.பி.பி.எஸ். வேகம் போதும், நான்கு பேர் ஒரே நேரத்தில் பார்த்தாலும் 20தான். தேவைக்கு மீறிய வேகம் விற்காத சரக்குக்குச் சமம். 999 ரூபாய் திட்டத்திலிருந்து 499க்கு மாறினால் வரியோடு ஆண்டுக்கு 7,080 ரூபாய் மிச்சம். வேகம் போதவில்லையென்றால் முதலில் ரூட்டரை வீட்டின் நடுவில் வைத்துப் பாருங்கள். ஆண்டுச் சந்தா மலிவு என்றாலும், இரண்டு மாதம் சேவையைப் பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.

கடை உபயோகத்துக்கான இணைப்பைத் தனியே ஜி.எஸ்.டி. எண் கொடுத்து வாங்கினால் வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். வீட்டு இணைப்புக்கும், காம்போசிஷன் முறையில் உள்ளவர்களுக்கும் இச்சலுகை இல்லை.

வரி உட்பட்ட விலையையே விளம்பரப்படுத்த வேண்டுமென 'டிராய்' அமைப்புக்கு நமது சங்கம் மனு அனுப்ப வேண்டும்.