மண்புழு சேர்த்து வைத்த மூன்று நூல்கள்

"பரீட்சை முடியும் வரை பாடப் புத்தகத்தைத் தவிர வேறு எதையும் தொடாதே" என்ற அறிவுரையைக் கேட்காதவர் உங்களில் யாரும் இருக்க முடியாது. நல்லெண்ணத்தோடுதான் பெரியவர்கள் இதைச் சொல்கிறார்கள். ஆனாலும் இதை அப்படியே ஏற்க என் மனம் ஒப்பவில்லை. கடந்த ஓராண்டில் நான் படித்த நூல்களே அதற்குக் காரணம்.

எந்தத் திட்டமும் இன்றி, நூலகத்தில் கைக்கு அகப்பட்டவற்றை எல்லாம் படித்தேன். அவற்றுள் மூன்று நூல்கள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தன.

முதலாவது, சார்லஸ் டார்வின் 1881-ஆம் ஆண்டில் மண்புழுக்களைப் பற்றி வெளியிட்ட நூல். 1842-இல் அவர் தம் வீட்டருகே ஒரு வயலில் சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பி வைத்தார். 1871-இல் அங்கே பள்ளம் தோண்டிப் பார்த்தபோது, அந்தத் துண்டுகள் 7 அங்குல ஆழத்தில் வெண்ணிறக் கோடாகத் தெரிந்தன. அவற்றை மூடியது யார்? மண்ணை விழுங்கி மேலே கொண்டு வந்து தள்ளிய மண்புழுக்களே! ஆண்டுக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் மண். இந்த ஒரு விடைக்காக டார்வின் 29 ஆண்டுகள் காத்திருந்தார். மண்புழுவுக்குச் செவிப்புலன் உண்டா என்று அறிய, அதன் எதிரே குழல் ஊதியும் பியானோ வாசித்தும் பார்த்தார். புழுக்கள் அசையவே இல்லை. புழு இருந்த தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து வாசித்தபோதோ, அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடி ஒளிந்தன!

இரண்டாவது, ரேச்சல் கார்சன் 1962-இல் எழுதிய 'மௌன வசந்தம்'. இவர் கல்லூரியில் முதலில் ஆங்கில இலக்கியம் பயின்று, பின்னர் உயிரியலுக்கு மாறியவர். அமெரிக்காவில் எல்ம் மரங்களைத் தாக்கிய நோயை வண்டுகள் பரப்பின. அவற்றை ஒழிக்க மரங்களின் மீது டி.டி.டி. மருந்தைத் தெளித்தனர். மருந்து படிந்த இலைகள் இலையுதிர் காலத்தில் விழுந்தன. மண்புழுக்கள் அவற்றைத் தின்றன. வசந்தத்தில் திரும்பி வந்த ராபின் பறவைகள் அந்தப் புழுக்களைத் தின்று மடிந்தன. ஒரு பறவையைக் கொல்லப் பெரிய புழுக்கள் பதினொன்றே போதுமாம்! வண்டை மட்டும் பார்த்தவர்களின் கண்ணில் புழு படவில்லை. புழு படாததால் பறவையும் படவில்லை. 1972-இல் அமெரிக்க அரசு பயிர்களுக்கு டி.டி.டி. தெளிப்பதைத் தடை செய்தது.

மூன்றாவது, உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த தன்வரலாறு இது. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க அவர் பட்ட பாட்டை இதில் காணலாம். ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடினார். ஒரு பிரதியில் காணும் சொல் மற்றொன்றில் வேறாக இருக்கும். பல பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவுக்கு வந்தார். சான்றுகளைத் திரட்டுதல், ஒப்பிடுதல், அவசரப்படாமல் முடிவு செய்தல் – இதை அறிவியல் முறை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

தமிழ் ஏட்டுக்கும் மண்புழுவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். டார்வின் தம் நூலில் ஒரு செய்தியைக் கூறுகிறார். பழங்காலக் கட்டடங்களின் இடிபாடுகளை மண்புழுக்கள் மண்ணால் மூடிக் காப்பாற்றியிருக்கின்றன. ஆய்வாளர்கள் அவற்றுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம்! இங்கோ, கறையானும் இராமபாணப் பூச்சியும் ஓலைச் சுவடிகளை அரித்துத் தின்றன. ஒரு சிற்றுயிர் பழமையைக் காக்கிறது, மற்றொன்று அழிக்கிறது. மூன்று நூல்களையும் ஒரே ஆண்டில் படித்திராவிட்டால் இந்த எண்ணம் எனக்குத் தோன்றியே இருக்காது.

தமிழ், வரலாறு, உயிரியல் என்பவை எல்லாம் கால அட்டவணைக்காக நாம் போட்டுக்கொண்ட வேலிகள். இயற்கைக்கு அந்த வேலிகள் தெரியா. வேலிக்குள்ளேயே நின்று பழகியவன் வண்டைப் பார்த்துப் பறவையைக் கோட்டை விடுவான். பலதுறை வாசிப்பு பொழுதுபோக்கு மட்டுமன்று. நமக்கும் பிற உயிர்களுக்கும் அது ஒரு பாதுகாப்பு என்பேன்.

தேர்வு முக்கியம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 10 பக்கம் படித்தால் ஆண்டுக்கு 3,650 பக்கம். 200 பக்க நூல்கள் பதினெட்டு! இதற்கு நாளும் அரைமணி நேரம் போதும். அந்த அரைமணியால் எந்த மாணவரின் மதிப்பெண்ணும் குறைந்துவிடாது.

நூல்களை விலை கொடுத்து வாங்க இயலாதே என்று தயங்க வேண்டாம். சென்னை மாகாணத்தில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பயனாக எழுந்த நூலகங்கள் இன்றும் நமக்காகத் திறந்திருக்கின்றன. அடுத்த முறை அங்கே போகும்போது, உங்களுக்குப் பிடித்த பாடத்தில் ஒரு நூல் எடுங்கள். கூடவே, உங்களுக்குச் சற்றும் தொடர்பில்லை என்று நீங்கள் நினைக்கும் அலமாரியிலிருந்தும் ஒரு நூல் எடுங்கள். தொடர்பு உண்டா இல்லையா என்பதைப் படித்து முடித்த பிறகு முடிவு செய்யலாம்.