பார்டர் டெரியரின் லட்சணம்

இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லையாய்க் கிடக்கும் செவியட் குன்றுகளிலே, ஆட்டுக்குட்டிகளைக் கவர்ந்து செல்லும் நரிகளை அவற்றின் வளைக்குள்ளேயே புகுந்து எதிர்க்கும் பொருட்டு வளர்க்கப்பட்டு, 1920-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கென்னல் கிளப்பின் அங்கீகாரத்தைப் பெற்ற பார்டர் டெரியரின் லட்சணங்களுள் எனக்குப் பிரதானமாகத் தோன்றுவது அதன் மார்பின் ஒடுக்கமே. தோள்களுக்குப் பின்னால் இரு கைகளையும் கொடுத்துப் பிடித்தால் விரல்கள் ஒன்றையொன்று தொட வேண்டும். தொடாவிடின், நீர்நாயின் சாயல் கொண்ட சிரசும், மழையைத் தடுக்கும் முரட்டு மேல்மயிரும், அதனடியில் நெருங்கி வளர்ந்த மென்மயிரும் எத்துணைச் சிறப்பாயிருப்பினும், அந்த நாய் நரிவளையின் வாசலிலேயே நின்றுவிடும். ஆறேழு கிலோ எடையே உள்ள இச்சிறு பிராணிக்குக் கால்கள் மட்டும் சற்றே நீண்டிருப்பது, வேட்டைக்காரரின் குதிரைக்குப் பின்னே ஓடிவர வேண்டிய நிர்ப்பந்தத்தால். தோலோ கெட்டியாயும் தளர்வாயும் இருக்கும். நரியின் பல் பட்டாலும் சதைக்குள் எளிதில் இறங்காது. சுபாவமும் அப்படியே: வேட்டைநாய்க் கூட்டத்தோடு சேர்ந்து வாழ்ந்த ஜாதியாதலால், மண்ணுக்கடியில் இருளில் தனித்து நின்று போராடும் தைரியமும், வெளியே வந்ததும் சக நாய்களிடம் காட்டும் சாந்தமும் ஒருங்கே இதனிடம் அமைந்திருக்க வேண்டும். கண்காட்சி மேடையில் மயிரழகுக்குப் பரிசளித்து, சிடுசிடுப்பையும் கோழைத்தனத்தையும் மன்னித்துவிடும் நடுவர்களின் தீர்ப்பை நான் ஒருநாளும் ஒப்பமாட்டேன்.