ஜெயித்தால் மேதை, தோற்றால் மடையனா?

ஒரு பெரிய கிரிக்கெட் பந்தயம் முடிந்த மறுநாள் காலையில் நம் நாட்டில் காப்டன்களுக்குப் பஞ்சமே கிடையாது. சிவாஜிநகர் டீக்கடையில் நாலு பேர், கண்டோன்மெண்ட் பிளாட்பாரத்தில் நாலு பேர், ஆபீஸ் கான்டீனில் நாலு பேர். யாரை எந்த இடத்தில் இறக்கியிருக்க வேண்டும், யாருக்குப் பந்தைக் கொடுத்திருக்க வேண்டும் என்று எல்லோரும் அடித்துச் சொல்வார்கள். இதில் தவறொன்றும் இல்லை. ஆட்டம் பார்ப்பவனுக்கு அபிப்பிராயம் சொல்ல உரிமை உண்டு. என் குறை வேறு. இந்தத் தீர்ப்புகள் எல்லாமே முடிவு தெரிந்த பிறகு எழுதப்படுகின்றன. ஜெயித்தவர் செய்ததெல்லாம் சரி, தோற்றவர் செய்ததெல்லாம் தப்பு. இது தீர்ப்பே அல்ல. ஸ்கோரைப் பார்த்து மார்க் போடும் வேலை.

இரண்டு இறுதிப் பந்தயங்களை எடுத்துக் கொள்வோம்.

2003 மார்ச் 23-ஆம் தேதி, ஜோகன்னஸ்பர்க். உலகக் கோப்பை இறுதிப் பந்தயத்தில் டாஸ் ஜெயித்த கங்குலி, ஆஸ்திரேலியாவை முதலில் ஆடச் சொன்னார். ஜாகீர்கானின் முதல் ஓவரிலேயே 15 ரன் போயிற்று. முடிவில் 2 விக்கெட் இழப்புக்கு 359. பாண்டிங் மட்டும் ஆட்டமிழக்காமல் 140. பதிலுக்கு ஆடிய இந்தியா 234 ரன்னில் சுருண்டது. "டாஸ் ஜெயித்தும் கோட்டை விட்டார்" என்ற பழி அன்று கங்குலி மீது விழுந்தது. இன்னும் முழுசாக அகலவில்லை.

2023 நவம்பர் 19-ஆம் தேதி, ஆமதாபாத். மறுபடியும் அதே இரு நாடுகள், அதே இறுதிப் பந்தயம். டாஸ் ஜெயித்த ஆஸ்திரேலியக் காப்டன் கம்மின்ஸ், இந்தியாவை முதலில் ஆடச் சொன்னார். இந்தியா 240 ரன். டிராவிஸ் ஹெட் 137 ரன் விளாச, ஆஸ்திரேலியா 4 விக்கெட் இழப்புக்கு 241 எடுத்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. மறுநாள் கம்மின்ஸ் பெரிய ராஜதந்திரி ஆகிவிட்டார்.

இரண்டு பேரும் எடுத்தது ஒரே முடிவுதான். இருவருக்கும் காரணமும் இருந்தது. கம்மின்ஸ் ராத்திரிப் பனியை எண்ணினார். பனியில் பந்து நனைந்தால் வீசுகிறவனுக்குக் கஷ்டம், அடிக்கிறவனுக்கு லாபம். கங்குலி காலை ஈரத்தை எண்ணினார். ஜாகீர், ஸ்ரீநாத், நெஹ்ரா மூவரின் வேகப்பந்து அந்தப் போட்டித் தொடரில் அவருக்கு அவ்வளவு கை கொடுத்திருந்தது. இந்தியா தொடர்ந்து 8 பந்தயங்களை ஜெயித்து அந்த இடத்துக்கு வந்திருந்தது. டர்பனில் இங்கிலாந்துக்கு எதிராக நெஹ்ரா 23 ரன்னுக்கு 6 விக்கெட் சாய்த்திருந்தார். அந்த மூவரை நம்பியது குற்றமா? கணக்கு ஒருவருக்குப் பலித்தது, மற்றவருக்குப் பலிக்கவில்லை. கணக்குப் போட்டதே மடத்தனம் என்று எப்படிச் சொல்வது?

ரயில்வேயில் வேலை பார்ப்பவன் என்பதால் எங்கள் இலாகா வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். விபத்து நடந்து விசாரணை வந்தால், "அந்த நிமிஷத்தில் சிக்னல் என்ன காட்டியது?" என்ற கேள்வி கட்டாயம் எழும். பச்சையைப் பார்த்து வண்டியை ஓட்டிய டிரைவரை, பிறகு நடந்ததற்காக யாரும் குற்றவாளி ஆக்குவதில்லை. அதே போல, சிவப்பைத் தாண்டிப் போய் அதிர்ஷ்டவசமாக ஒன்றும் நேராமல் தப்பித்தவருக்கு மாலை போடுவதும் இல்லை. விபத்து நடக்காவிட்டாலும் அவருக்குத் தண்டனை நிச்சயம். முடிவு எடுத்த நேரத்தில் கண் முன்னே என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. கிரிக்கெட் காப்டனுக்கும் இந்த நியாயம் பொருந்தாதா?

அமெரிக்கர்கள் உயிராக நினைக்கும் பேஸ்பாலில், மட்டை பிடிக்கும் வரிசையை ஆட்டத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மாற்று ஆள் வந்தால்கூட, வெளியேறியவரின் இடத்தில்தான் ஆட வேண்டும். கிரிக்கெட்டில் அப்படி இல்லை. யாரை எப்போது இறக்குவது என்பதை ஒவ்வொரு விக்கெட் விழும்போதும் காப்டன் புதிதாகத் தீர்மானிக்கலாம். ஆகவே வரிசை என்பது இங்கே ஒரு முடிவல்ல, பல முடிவுகள். ஒவ்வொன்றையும் அந்தந்த நிமிஷத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2011 ஏப்ரல் 2-ஆம் தேதி பம்பாய் வான்கடேயில் 114 ரன்னுக்கு 3-ஆவது விக்கெட் விழுந்தது. அந்தத் தொடரில் பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்த யுவராஜ் சிங் வருவார் என்று எதிர்பார்த்தால், தோனி இறங்கி வந்தார். அதுவரை அந்த உலகக் கோப்பையில் அவர் ஒரு அரை சதம்கூட அடிக்கவில்லை. ஆனால் காரணம் இருந்தது. களத்தில் இருந்த கம்பீர் இடது கை ஆட்டக்காரர்; யுவராஜும் இடது கை. எதிரே முரளிதரன், ரந்தீவ் இருவரும் ஆப் ஸ்பின்னர்கள். அந்தப் பந்து இடது கைக்காரரை விட்டு விலகிச் சுழலும். வலது கைக்காரர் ஒருவர் சேர்ந்தால் அவர்களுக்குத் தொந்தரவு. முரளியின் பந்து தோனிக்குப் புதிதும் அல்ல, சென்னை ஐ.பி.எல். அணியில் கூடவே ஆடிப் பழகியவர். தோனி 91 ரன்னுடன் நின்று சிக்ஸர் அடித்து முடித்தார். ஊரே கொண்டாடியது. முதல் பந்திலேயே அவுட் ஆகியிருந்தால்? "பார்மில் இருந்தவரை உட்கார வைத்துவிட்டுத் தானே போனார், அகம்பாவம்" என்றிருப்போம். காரணங்கள் மட்டும் ஒரு எழுத்தும் மாறியிருக்காது.

அதே தோனி 2019 ஜூலையில் மான்செஸ்டர் அரை இறுதியில் 7-ஆவதாக இறக்கப்பட்டார். 240 ரன் தேவை. 5 ரன்னுக்குள் ரோகித், ராகுல், கோலி மூவரும் போய்விட்டார்கள். அப்போதும் தோனி வரவில்லை. தினேஷ் கார்த்திக் வந்தார், 6 ரன்னில் போனார். பிறகு பாண்டியாவும் தோனிக்கு முன்னால் வந்தார். கடைசியில் ஜடேஜாவும் தோனியும் 116 ரன் சேர்த்தும் 18 ரன்னில் தோல்வி. கப்தில் எறிந்த ஒரே எறியில் தோனி ரன் அவுட். எனக்கு இந்த முடிவு சரியாகப் படவில்லை. ஆட்டத்தைக் கடைசியில் முடித்து வைக்கும் ஆளைப் பத்திரமாக வைத்திருப்பது சாதாரண நாளைக்கு உரிய திட்டம். 5 ரன்னுக்கு 3 விக்கெட் போன நாள் சாதாரண நாள் அல்ல. அனுபவசாலி அப்போதே வந்திருக்க வேண்டும். கப்திலின் எறி குறி தவறி இந்தியா ஜெயித்திருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

நம் பெங்களூரில் இந்தப் பேச்சு இன்னொரு பாதையிலும் போய்விடுகிறது. 2003 இறுதியில் கும்ப்ளேயை வெளியே உட்கார வைத்ததை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. மகாத்மா காந்தி ரோடு பக்கம் ஒரு சர்க்கிளுக்கே அவர் பெயர் வைத்திருக்கும் ஊர் இது. அந்த மனத்தாங்கலில் நியாயமும் உண்டு. நம்மவர்கள் பதிலுக்கு அஸ்வினை எடுப்பார்கள். 2023 தொடரில் சேப்பாக்கத்தில் ஒரே ஒரு பந்தயம் ஆட விட்டு, இறுதியில் சேர்க்கவில்லையே என்பார்கள். ஆனால் 2011 இறுதியிலும் அஸ்வினுக்கு இடம் கிடைக்கவில்லை. நெஹ்ராவுக்குக் காயம் என்று ஸ்ரீசாந்தைச் சேர்த்தார்கள். அவர் 8 ஓவரில் 52 ரன் கொடுத்தார், விக்கெட் ஒன்றும் இல்லை. அதைப் பற்றி நம் டீக்கடைகளில் யார் வாய் திறந்தார்கள்? கோப்பை வந்துவிட்டது, கேள்வி போய்விட்டது. தோற்ற வருஷத்தில் மட்டும் "எங்கள் ஆளை ஏன் எடுக்கவில்லை" என்பது பாஷைச் சண்டையாகக் கிளம்புகிறது. அடுத்தடுத்த வீட்டில் இருப்பவர்கள் இதற்காக முகம் திருப்பிக்கொள்வது அழகா?

இதற்கு ரசிகர்களை மட்டும் நொந்து பயனில்லை. ஒலிபரப்புக்கும் ஒளிபரப்புக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை வானொலியில் கூத்தபிரானும் அப்துல் ஜப்பாரும் தமிழில் வர்ணனை செய்த நாட்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்கள். கேட்பவருக்குக் கண் இல்லை என்பதால், எந்தப் பக்கம் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று சொன்னால்தான் மைதானம் மனதில் விரியும். பந்து வீசுவதற்கு முன்பே காப்டனின் திட்டம் காதில் விழுந்துவிடும். டி.வி.யில் காமிரா பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. ஓவர் முடிந்து ஆட்கள் இடம் மாறும் நேரத்தில் விளம்பரம் வந்துவிடுகிறது. விக்கெட் விழுந்ததை மட்டும் மெதுவாக, மேலிருந்து, கீழிருந்து, பக்கவாட்டில் என்று திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். தவறியது பத்துத் தடவை தெரிகிறது; ஏன் அப்படித் தீர்மானித்தார்கள் என்பது ஒரு தடவைகூடத் தெரிவதில்லை. மைக் முன் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் முன்னாள் காப்டன்கள். இப்போது தமிழிலேயே வர்ணனை வருகிறது. விஷயம் தெரிந்த அவர்கள், டாஸ் போட்டதும் "நானாக இருந்தால் இப்படிச் செய்வேன், காரணம் இது" என்று சொல்லிவிட்டு, ராத்திரி வரை அதில் நிற்க வேண்டும். ஆட்டம் சாய்ந்த பக்கமெல்லாம் வாய் சாய்வது வர்ணனை அல்ல.

"ஜெயிப்பதுதானே காப்டனின் வேலை? முடிவைப் பார்க்காமல் எதைப் பார்ப்பது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நூறு பந்தயங்களின் முடிவைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு காப்டனின் தரம் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் இறுதிப் பந்தயம் ஒரே நாள், ஒரே ஆட்டம். அதில் ஒரு எறி, ஒரு காட்ச், ஒரு துளி பனி எல்லாவற்றையும் புரட்டிவிடும். ஒரு நாள் முடிவை வைத்து மனிதனை எடை போடுவது சரியல்ல.

இது வெறும் டீக்கடை விஷயமாக நின்றுவிட்டால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். 2003 உலகக் கோப்பை ஆரம்பத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றதும் முகமது கைப் வீட்டைத் தாக்கினார்கள். 2007-இல் வங்கதேசத்திடம் தோற்றதும் ராஞ்சியில் கட்டிக்கொண்டிருந்த தோனியின் வீட்டில் கை வைத்தார்கள். நாலு வருஷம் கழித்து அதே தோனிக்கு மாலை. கல்லும் மாலையும் ஒரே கூட்டத்திலிருந்துதான் வந்தன. முடிவை மட்டும் பார்த்துப் பேசும் பழக்கம் கடைசியில் இங்கேதான் கொண்டுபோய் விடுகிறது.

அடுத்த பெரிய பந்தயத்தின்போது வாசகர்கள் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். டாஸ் போட்டதும், முதல் பந்துக்கு முன்னால், யார் எந்த இடத்தில் ஆட வேண்டும், யாரைச் சேர்க்க வேண்டும், ஏன் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் எடுத்துப் படியுங்கள். அதன் பிறகும் காப்டனைத் திட்டத் தோன்றினால், தாராளமாகத் திட்டுங்கள்.