முதலில் பருவம், பிறகு படகு

மைசூரின் ஹெப்பாளில் தொழிற்பேட்டை இருக்கிறது, இன்ஃபோசிஸின் பிரம்மாண்டமான பயிற்சி வளாகம் இருக்கிறது, ஏரிகூட இருக்கிறது. இல்லாதது கடல் மட்டுமே. அதனால்தானோ என்னவோ, விடுமுறை என்றதும் அங்கிருக்கும் குடும்பங்களுக்குக் கடல் ஞாபகம் வந்துவிடுகிறது. சொந்தமாக ஒரு படகை வாடகைக்கு அமர்த்தி, தீவு தீவாக இறங்கிப் பார்த்தால் என்ன?

கிரேக்கத்திலும் குரோஷியாவிலும் இது வழக்கமான விடுமுறை. உரிமம் உள்ளவர், கார் எடுப்பதுபோலப் பாய்மரப் படகை எடுத்துக்கொண்டு போகலாம். இல்லாதவர் மாலுமியையும் சேர்த்து அமர்த்த வேண்டும். அவருக்குச் சம்பளம், சாப்பாடு, படுக்க இடம் என்று போனால் எட்டுப் பேர் படகு ஏழு பேர் படகாகிவிடும். வாடகைக்கு மேல் காப்புத்தொகை, டீசல், துறைமுகக் கட்டணம் வேறு. இத்தனைக்கும் பிறகு, ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வீசும் மெல்டெமி என்ற வடகாற்று நினைத்தால் படகு கரையிலேயே கிடக்கும்.

கொச்சியின் போல்காட்டித் தீவில் 2010ல் சர்வதேசத் தரத்தில் உல்லாசப் படகுத்துறை திறக்கப்பட்டது. ஆனாலும் படகை எடுத்துக்கொண்டு தீவு தீவாகச் சுற்றும் பழக்கம் இங்கே வேரூன்றவில்லை. ஹெப்பாள்காரருக்கு எளிதான ஒத்திகை, உடுப்பி அருகே மால்பேயிலிருந்து படகில் போய்வரும் செயின்ட் மேரீஸ் தீவுகள். எரிமலைக் குழம்பு உறைந்து தூண் தூணாக நிற்கும் பாறைகள் அங்கே உண்டு.

நிஜமான தீவுப் பயணம் என்றால் லட்சத்தீவு. 36 தீவுகளில் மக்கள் வசிப்பது பத்தில். மொத்த நிலமே 32 சதுர கி.மீ.தான். கொச்சியிலிருந்து 220 முதல் 440 கி.மீ. தூரம். நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பு ‘சமுத்ரம்’ என்ற பெயரில் வகுத்த ஐந்து நாள் திட்டம் நடைமுறைக்கு ஏற்றது. இரவில் கப்பல் ஓடும். பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று நாளுக்கொரு தீவு. இந்த ஆண்டு கப்பல் எப்போது என்று விசாரித்த பிறகே லீவு எழுதிக் கொடுக்க வேண்டும்.

திட்டத்தின் முதல் வரியில் எழுத வேண்டியது தேதி. தென்மேற்குப் பருவத்தில், மே நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை, இந்தக் கடல் சிறு படகுகளுக்கு உகந்ததல்ல. கடல் அடங்கும் நேரத்தில் மைசூரில் தசரா. ஊரை விட்டு வர மனமில்லாதவர்களுக்கு டிசம்பர், ஜனவரி நல்லது.

இரண்டாவது வரி அனுமதி. 1967ஆம் ஆண்டு விதிகளின்படி தீவுவாசி அல்லாத இந்தியரும் நுழைவு அனுமதி பெற வேண்டும். மூன்றாவது, வயதானவர்கள். பல தீவுகளில் கப்பல் பவளப்பாறைக்கு வெளியே நின்றுவிடும். ஆடும் சிறு படகில் இறங்கித்தான் கரை சேர வேண்டும். முழங்கால் வலியுள்ள பாட்டியை அழைத்துப்போகும் முன் இதைச் சொல்லிவிடுவது நியாயம். காரில் வயநாடு வழியாகக் கொச்சிக்குக் கிளம்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும்.

கடைசி வரியைப் பலரும் எழுதுவதில்லை. அது தண்ணீர். பவள மணலுக்கு அடியில், உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீர்தான் இந்தத் தீவுகளின் கிணற்று நீர். அது போதாமல், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2005ல் கவரத்தியில் ஓர் ஆலை அமைத்தது. வெதுவெதுப்பான மேல்மட்டக் கடல்நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, ஆழ்கடலின் குளிர்நீரால் ஆறவைத்து, நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கும் ஏற்பாடு அது. பவளங்களோ 2024ன் கடல் வெப்பத்தில் பெருமளவு வெளுத்துப்போயின.

அதே 2024 ஜனவரியில் பிரதமர் போய்வந்த படங்களைப் பார்த்ததும் நாடே லட்சத்தீவைத் தேட ஆரம்பித்தது. தேடியவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் போய் இறங்கி, ஆளுக்கு நான்கு வாளி நன்னீரில் உப்பைக் கழுவிக் குளித்தால், தீவுக்காரர் கிணற்றில்தான் முதலில் உப்பு கரிக்கும். ஹெப்பாளில் குழாயைத் திறந்தால் காவிரி வரும். தீவில் அப்படி இல்லை என்பதைப் பெட்டி கட்டும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கலாம்.