பிறப்புப் பத்திரம் இல்லாத கோல் காவலன்



பல ஆண்டுகளுக்கு முன்பு சித்தியவான் வட்டாரத்தில் நடந்த ஒரு காற்பந்துப் போட்டிக்குப் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் அணியை அழைத்துச் சென்றேன். எங்கள் கோல் காவலன் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. கைகள் நீளமானவை. 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற மலேசிய அணியின் கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தின் நினைவாக அவனைக் 'குட்டி ஆறுமுகம்' என்றே அழைப்போம்.

பதிவு மேசையில் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். அவனிடம் இல்லை. தற்காலிக அனுமதியில்தான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். விதி விதிதான் என்றார்கள். சட்டையைக் கழற்றி, மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "பரவாயில்லை சார்" என்றான். அன்று நாங்கள் கிண்ணத்தை வென்றோம். அவன் திடலின் ஓரத்தில் நின்று கைதட்டினான்.

அவனிடம் பத்திரம் இல்லை என்பது ஆண்டுத் தொடக்கத்திலேயே எனக்குத் தெரியும். 'அது பெற்றோர் பாடு' என்று விட்டுவிட்டேன். ஆகவே இக்கட்டுரையின் முதல் குற்றவாளி நானே.

இப்பொழுது ஒரு பன்னாட்டுச் சிறுவர் போட்டியைப் பற்றிச் சொல்கிறேன். வீடின்றித் தெருவில் வாழும், வாழ்ந்த பிள்ளைகளுக்காகவே 'தெருவோரச் சிறார் உலகக் கிண்ணம்' நடத்தப்படுகிறது. 2010இல் டர்பன், 2014இல் ரியோ டி ஜெனிரோ, 2018இல் மாஸ்கோ, 2022இல் டோஹா என, பெரியவர்களின் உலகக் கிண்ணத்திற்குச் சில வாரங்களோ மாதங்களோ முன்பு அதே நாட்டில் நடந்தது. அங்கே பந்தாட்டம் பாதிதான். மீதி நேரத்தில் பிள்ளைகள் கூடி அமர்ந்து பேசுகிறார்கள்: தங்க இடம், வன்முறையிலிருந்து பாதுகாப்பு, கல்வி, மருத்துவம். டர்பனில் அவர்கள் வைத்த கோரிக்கைகள் ஒரு பிரகடனமாகவே வெளிவந்தன.

எனினும் என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. வெளிநாடு செல்லக் கடப்பிதழ் வேண்டும். கடப்பிதழுக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். தெருவில் பிறந்த பிள்ளைக்கு அது ஏது? எனவே அணியை அனுப்பும் தொண்டு அமைப்புகள் பயிற்சி கொடுப்பதோடு நிற்க முடியாது. அலுவலகம் அலுவலகமாக அலைந்து, அப்பிள்ளைக்கு ஓர் அடையாளத்தைப் பெற்றுத்தர வேண்டும். ஆட்டத்தில் தோற்றாலும் அந்தத் தாள் பிள்ளையின் கையில் இருக்கும். அதுவே அப்போட்டியின் உண்மையான கிண்ணம் என்பேன்.

நாம் செய்ததோ நேர்மாறு. அங்கே பத்திரமில்லாத பிள்ளைக்கு விளையாட்டின் பெயரால் பத்திரம் கிடைக்கிறது. இங்கே பத்திரமில்லை என்பதால் விளையாட்டே பறிபோகிறது. 'ஒற்றுமை, சமத்துவம், நட்பு' என்று பதாகையில் எழுதி இரு கம்பங்களுக்கு இடையில் கட்டிவிட்டால் போதுமா?

வயது மோசடியைத் தடுக்கத்தானே பத்திரம் கேட்கிறோம் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதினான்கு வயதுப் பையனைப் பன்னிரண்டு என்று சொல்லி இறக்குவோர் உண்டு. ஆனால், முதலாம் ஆண்டிலிருந்து நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் வயதை நாம் அறியமாட்டோமா? மாவட்ட, மாநிலப் போட்டி விதிகளை மாற்ற நம்மால் இயலாது. தமிழ்ப்பள்ளிகள் தமக்குள் நடத்தும் நட்புமுறைப் போட்டிகளின் விதிகளை எழுதுவது நாம்தானே? தலைமையாசிரியரின் உறுதிக் கடிதத்தை ஏற்க என்ன தடை?

குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 7ஆவது விதி, பிறந்தவுடன் பதிவும் பெயரும் நாட்டுரிமையும் பெறுவது குழந்தையின் உரிமை என்கிறது. 1995இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்த மலேசியா, இவ்விதியை நிபந்தனையோடுதான் ஏற்றது. அரசைக் கேட்க வேண்டியதைக் கேட்போம். ஆயினும் நம் வீட்டுப் பிழைகளையும் மறைக்கலாகாது. கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று திருமணத்தைப் பதியாமல் விடுகிறோம். பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளை தாயின் குடியுரிமை நிலையையே சட்டப்படி பின்பற்றும். தாய்க்கு அடையாள அட்டை இல்லையென்றால், தந்தை குடிமகனாக இருந்தும் பிள்ளை நாடற்றவனாகிறான். தீபகற்ப மலேசியாவில் பிறப்பை 60 நாள்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் விசாரணை, சாட்சி, காத்திருப்பு என்று ஆண்டுகள் ஓடும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

1. முதலாம் ஆண்டுப் பதிவின்போதே பத்திரமில்லாத பிள்ளைகளைக் கண்டறிந்து, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒருவர் அப்பொறுப்பை ஏற்கட்டும். தேசியப் பதிவுத் துறைக்குப் பெற்றோரோடு அவரும் செல்லட்டும்.

2. நம் நட்புமுறைப் போட்டிகளில் பத்திரமின்மையால் எந்தப் பிள்ளையும் ஒதுக்கப்படக் கூடாது.

3. கிண்ணத்திற்கும் விருந்துக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி, அப்பெற்றோரின் போக்குவரத்துக்கும் ஆவணச் செலவுக்கும் ஒதுக்கப்படட்டும். தோட்டத்தில் நாட்கூலிக்கு உழைப்பவருக்கு அலுவலகம் போகும் ஒவ்வொரு நாளும் சம்பளமில்லாத நாள்.

எங்கள் பள்ளியின் கண்ணாடி அலமாரியில் அன்று வென்ற கிண்ணம் இன்னும் இருக்கிறது. அதனைக் காணும்போதெல்லாம், மடித்த சட்டையை நீட்டிய அந்த நீண்ட கைகளே என் நினைவுக்கு வருகின்றன. பரவாயில்லை என்று அவன் சொன்னான். அதைச் சொல்லும் உரிமை எனக்கில்லை.

சிந்திப்போம், செயல்படுவோம்.