தாலுகா மருத்துவமனைக்குத் தோல் மருத்துவர் வேண்டும்

பாவாடை நாடா இறுகும் இடத்தில் படர்தாமரை. நாள் முழுக்க வயலில் வியர்வையோடு நிற்கும் பெண்ணுக்கு அரிப்பு தாங்கவில்லை. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பொதுவாகத் தோல் மருத்துவர் கிடையாது. பல தாலுகா மருத்துவமனைகளிலும் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு தனி. தெருமுனை மருந்துக் கடையிலோ கேட்டவுடன் ஒரு ட்யூப் களிம்பு கிடைக்கிறது.

அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். நிறுத்தினால் முன்னைவிட அகலமாகப் படரும். மீண்டும் ஒரு ட்யூப். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். அந்தக் கோடு பிறகு மறையாது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. சரியான முடிவுதான். ஆனால் சீட்டு எழுத ஆளில்லாத ஊரில் அந்த விதி எப்படி நிற்கும்?

தோல் மருத்துவ முதுநிலைப் படிப்புக்குக் கடும் போட்டி. படித்து வருபவர்களில் பலர் நகரத்தில் லேசர், முடி நடுதல் என்று தனியாரில் அமர்ந்துவிடுகிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சிற்றூருக்குப் பக்கத்தில் பணியிடத்தை உருவாக்காமல் வாருங்கள் என்றால் எங்கே வருவார்கள்?

தோல் நோய் என்றால் அழகுப் பிரச்சினை என்ற நினைப்பே இந்த அலட்சியத்துக்கு வேர். தோல் மருத்துவத் துறையின் முழுப் பெயரில் தொழுநோயும் இருக்கிறது. தொழுநோயாளிகளை 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே குறைக்கும் இலக்கை 2005 டிசம்பரில் இந்தியா எட்டியது. ஆனாலும் உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இங்கேதான். 2023-லும் 1 லட்சத்தைத் தாண்டினார்கள். கண்ணை மூடச் சொல்லி, வெளிறிய இடத்தைப் பஞ்சு நுனியால் தொட்டு, ‘தெரியுதாம்மா?’ என்று கேட்க ஒரு நிமிடம் போதும். கேட்க ஆளில்லாவிட்டால், தேமல் என்று எதையோ பூசிக்கொண்டே காலம் போகும். கொதிக்கும் சட்டியைத் துணியில்லாமல் இறக்கியும் கை சுடவில்லை என்கிறபோதுதான் வீட்டார் பதறுவார்கள். கூட்டு மருந்து நோயைக் குணப்படுத்திவிடும். அதற்குள் போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை.

ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் நிரந்தரத் தோல் மருத்துவர் பணியிடம் வேண்டும். அது நிரம்பும்வரை, வாரத்தில் ஒரு குறித்த நாளில் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலிருந்து ஒருவர் வந்து பார்க்க வேண்டும். நோயாளியின் படத்தை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதும் உதவும். ஆனால் படத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது. ஆகவே அந்தப் பஞ்சுச் சோதனையை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் கைப்பழக்கமாக்க வேண்டும். இதற்கான நிதியை அடுத்த மானியக் கோரிக்கையிலேயே அரசு ஒதுக்க வேண்டும்.