அரை நாளில் ஊருக்கு என்ன மிஞ்சுகிறது?
வில்கமுவ வர்த்தகர்கள் போட்டுப் பார்க்க வேண்டிய ஒரு கணக்கு

வியாபாரம் என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது அரிசி, சீனி, துணிமணி, இரும்புச் சாமான் போன்ற கையில் எடுத்துக் காட்டக்கூடிய பொருட்கள்தான். ஆனால் இன்று உலகெங்கும் விற்பனையாகும் சரக்குகளில் நேரமும் ஒன்று. அதிலும் அரை நாள் என்பது நன்றாக விலைபோகும் சரக்கு. வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை வாகனத்தில் ஏற்றி, நான்கைந்து மணித்தியாலம் ஊரைச் சுற்றிக் காட்டி, ஏற்றிய இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடும் தொழில் இது. கடையும் தேவையில்லை, களஞ்சியமும் தேவையில்லை. ஒரு வாகனம், ஊரை அறிந்த ஒரு மனிதர், சொன்ன சொல் தவறாத நாணயம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

இந்தத் தொழிலில் நன்றாகப் பழகியவர்கள் மேற்கிந்தியத் தீவுகளின் மக்கள். 2007இல் எமது கிரிக்கெட் அணி உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் விளையாடிய பார்படோஸ் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மொத்தப் பரப்பே சுமார் 430 சதுர கிலோமீற்றர்தான். தலைநகரான பிரிஜ்டவுன் துறைமுகத்துக்குக் காலையில் உல்லாசக் கப்பல் வந்தால் மாலையில் புறப்பட்டுவிடும். பயணிகள் உறங்குவதும் உண்பதும் கப்பலில். எனவே தீவுக்காரர்கள் சம்பாதிக்கக் கிடைப்பது இடைப்பட்ட அந்தச் சில மணித்தியாலங்கள் மட்டுமே.

அங்கே பயணிக்கு இரண்டு வழிகள் உண்டு. கப்பல் கம்பனி விற்கும் சுற்றுலாவில் பஸ் ஏறிப் போகலாம். அப்போது ஒரு பங்கு கம்பனியிடம் தங்கிவிடும். அல்லது உள்ளூர் டாக்ஸிக்காரர் ஒருவரைத் தம் குடும்பத்துக்கென்று தனியாக அமர்த்திக்கொள்ளலாம். அவரே சாரதி, அவரே வழிகாட்டி. 1981இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஹரிசன் சுண்ணாம்புக் குகை, கிழக்குக் கரையின் பத்ஷேபா கடற்கரை என்று காட்டிவிட்டு, வழியில் தமக்குத் தெரிந்த சாப்பாட்டுக் கடையில் நிறுத்தி, கப்பல் புறப்படுமுன் துறைமுகத்தில் சேர்த்துவிடுவார். டாக்ஸிகளில் மீற்றர் கிடையாது. ஆனால் எங்கிருந்து எங்கே போக எவ்வளவு என்று அரசாங்கம் கட்டணம் நிர்ணயித்து வைத்திருக்கிறது. பயணி கொடுக்கும் பணம் சாரதி, சாப்பாட்டுக் கடைக்காரர், இளநீர் விற்பவர் என்று பல கைகளில் பிரிந்து தீவிலேயே நிற்கிறது.

எங்கோ கிடக்கும் தீவின் கதை எமக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். மாத்தளை மாவட்டத்தின் கிழக்குப் புறத்தில் உள்ள வில்கமுவ பிரதேசம் இன்று ஏறத்தாழ அதே நிலையில் இருப்பதுதான் காரணம். அங்கே துறைமுகத்தில் நிற்கும் கப்பல், இங்கே கண்டியிலும் தம்புள்ளையிலும் சீகிரியவிலும் ஹோட்டல் உருவில் நிற்கிறது. உல்லாசப் பயணி அங்கே உறங்குகிறார், அங்கே உண்கிறார். வில்கமுவக்கு அவர் தருவது அரை நாள்தான்.

அந்த அரை நாளை அவர் வஸ்கமுவ தேசிய பூங்காவில் செலவிடுகிறார். மகாவலி அபிவிருத்தித் திட்டத்தால் காடிழந்த விலங்குகளுக்குப் புகலிடமாக 1984 ஆகஸ்டில் பிரகடனப்படுத்தப்பட்ட இந்தப் பூங்காவின் பரப்பு 39 ஆயிரம் ஹெக்டெயருக்கும் அதிகம். கிட்டத்தட்ட பார்படோஸ் தீவளவு காடு எனலாம். கிழக்கே மகாவலி கங்கையும் மேற்கே அம்பன் கங்கையும் எல்லைகளாக ஓடுகின்றன. யானைக் கூட்டங்களுக்கும் கரடிக்கும் பெயர்பெற்ற இடம். சிங்களத்தில் கரடியைக் குறிக்கும் ‘வலஸ்’ என்ற சொல்லிலிருந்தே பூங்காவின் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். கண்டியிலிருந்து ஹசலக, ஹெட்டிபொல வழியாகவும், நாவுல பக்கமிருந்து எலஹெர வழியாகவும் இங்கு வரலாம். எலஹெர என்றதும் எமது மாணிக்கக் கல் வியாபாரிகளுக்கு விளக்கம் தேவைப்படாது.

இனிக் கணக்குக்கு வருவோம். காலையில் ஜீப் ஒன்று தூர நகரத்திலிருந்து புறப்படுகிறது. வாடகை அந்த ஜீப்பின் சொந்தக்காரருக்கு. பயணியைப் பிடித்துக் கொடுத்ததற்கான கொமிஷன் ஹோட்டல்காரருக்கு. காலைச் சாப்பாடு ஹோட்டலில் கட்டிக் கொடுத்த பார்சல். தண்ணீர்ப் போத்தலும் அதற்குள்ளேயே இருக்கிறது. நுழைவுச் சீட்டின் பணம் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு. யானை பார்த்துவிட்டு ஜீப் திரும்பும்போது ஹெட்டிபொல கடைத்தெருவில் அது ஒரு நிமிடம் நின்றால் அதிசயம். ஊருக்கு மிஞ்சுவது தூசு.

“மிஞ்சாவிட்டால் போகட்டும், அதனால் எனக்கென்ன நட்டம்?” என்று ஒரு சில்லறைக் கடைக்காரர் கேட்டால், அவரது கடன் கொப்பியைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். விவசாயப் பிரதேசத்துக் கடை என்பது பாதி வங்கி. விதை நெல், பசளை, கிருமிநாசினி, வீட்டுச் சாமான் எல்லாம் கடனில் போகும். அறுவடை முடிந்ததும் பணம் வரும். பெரும்போக நெல் முற்றி நிற்கும் ஓர் இரவில் யானைக் கூட்டம் வயலில் இறங்கினால், அது தின்றுவிட்டுப் போவது விவசாயியின் நெல்லை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. கடைக்காரரின் கடன் கொப்பியிலும் சில பக்கங்களைத் தின்றுவிட்டுத்தான் போகிறது. அந்தக் கடைக்குச் சரக்கு அனுப்பிய மாத்தளை, கலேவெல மொத்த வியாபாரியின் காசோலையும் அங்கேயே சிக்கிக்கொள்கிறது.

பயிரோடு இது நிற்பதுமில்லை. 2019 முதல் 2024 வரையான ஒவ்வோர் ஆண்டிலும் யானையால் இந்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். அதே ஆண்டுகளில், ஆண்டுக்கு முந்நூறுக்கு மேற்பட்ட யானைகளும் இறந்திருக்கின்றன. துப்பாக்கிச் சூடு, மின்சாரம், உணவுக்குள் மறைத்து வைக்கும் வெடி ஆகியவை அவற்றுக்கு முக்கிய காரணங்கள். யானையால் இழப்பு மட்டுமே காணும் ஊர் யானையை எத்தனை காலம் பொறுத்துக்கொள்ளும்? யானை போய்விட்டால் பூங்காவுக்கு யார் வருவார்? பயணி பார்க்க வரும் அதே யானைக்கு இரவெல்லாம் காவல் இருப்பவர் வில்கமுவ விவசாயி. அவரது வீட்டுக்கு அந்தச் சுற்றுலாவிலிருந்து ஒரு ரூபாயும் போய்ச் சேரவில்லை என்றால், அந்தத் தொழிலுக்கு அஸ்திவாரமே இல்லை என்பது எமது கருத்து.

எனவே வில்கமுவயின் அரை நாளை வில்கமுவக்காரரே விற்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள ஊர்களின் வர்த்தகர்கள் இதற்குத் துணை நிற்க வேண்டும். இதில் பெரிய முதலீட்டைப் பற்றி நாம் பேசவில்லை. பெரிய முதலீடு செய்ய வேண்டாம் என்றே சொல்வோம். 2018இல் நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகள் 23 இலட்சத்துக்கும் அதிகம். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளும் அடுத்த ஆண்டின் கொரோனாவும் வந்து, 2021இல் அந்தத் தொகை இரண்டு இலட்சத்துக்கும் கீழே விழுந்தது. 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு ஏறி இறங்கும் தொழிலை நம்பி லீசிங்கில் புது ஜீப் எடுப்பவர், வருமானம் நின்ற மாதத்திலும் தவணை கட்ட வேண்டியிருக்கும். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் வாகனம், ஏற்கனவே நடக்கும் கடை, ஏற்கனவே இருக்கும் வீடு ஆகியவற்றுக்குப் பக்கத் தொழிலாக இதைச் சேர்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஒரு சின்ன உதாரணம். நாளொன்றுக்கு ஐந்து ஜீப் வருகிறது, ஒவ்வொன்றிலும் நான்கு பேர், ஒவ்வொருவரும் ஊருக்குள் ஆயிரம் ரூபாய் செலவழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 20 ஆயிரம் ரூபாய், மாதத்துக்கு 6 இலட்சம். காட்டைச் சுற்றிக் காட்டும் வாடகை இதில் சேரவில்லை. குரக்கன் ரொட்டியும் மரக்கறியும் வைத்த ஒரு பகல் சாப்பாடு, தயிரும் பாணியும், ஒரு கோப்பைத் தேநீர் ஆகியவற்றின் கணக்குத்தான் இது.

இந்தப் பகுதியில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரியும் உண்டு. இலங்கை வனஜீவராசிகள் பாதுகாப்புச் சங்கம் என்ற அமைப்பு, யானைக்குத் தோடை இன மரங்கள் பிடிக்காது என்பதை வைத்து, வஸ்கமுவயை அண்டிய கிராமங்களில் வீட்டுத் தோட்டங்களையும் வயல்களையும் சுற்றித் தோடை மரம் நடும் திட்டத்தை நடத்தி வருகிறது. மரம் வேலியாகவும் நிற்கும், பழம் பணமும் தரும் என்பதே அதன் நோக்கம். பழத்தை வாங்கிச் சந்தைப்படுத்துவது வியாபாரியின் வேலையல்லவா? காலைச் சவாரி முடிந்து வெயிலில் வரும் பயணிக்கு ஒரு கிளாஸ் தோடம்பழச் சாறு கொடுத்து, இந்த மரம் ஏன் நடப்பட்டது என்று சாரதி இரண்டு வார்த்தை சொன்னால், அவர் ஊருக்குக் கொண்டுபோகும் கதையில் யானையோடு விவசாயியும் இடம்பிடிப்பார்.

தொழிலில் இறங்க நினைப்பவர்களுக்குச் சில விடயங்களைச் சொல்லி வைக்கிறோம்.

முதலாவது விலை. மாணிக்கக் கல்லை வாங்குபவர் அதைக் கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கலாம். அரை நாளை அப்படிப் பார்க்க முடியாது. காசு கொடுத்த பிறகுதான் சரக்கே தெரியவரும். ஆகவே முன்கூட்டியே எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பது கட்டாயம். தேசிய பூங்காக்களில் வெளிநாட்டவருக்கு ஆளுக்கொரு நுழைவுச் சீட்டு, குழுவுக்குச் சேவைக் கட்டணம், வாகனத்துக்குக் கட்டணம், அதன் மேல் வரி என்று பல கணக்குகள் உண்டு. “ஜீப்புக்கு இவ்வளவு” என்று மட்டும் சொல்லி அழைத்துப் போய், வாசலில் அதைவிடப் பெரிய தொகையைக் கட்டச் சொன்னால் பயணி தம்மை ஏமாற்றிவிட்டதாகவே நினைப்பார். ஜீப் வாடகை எவ்வளவு, சீட்டு எவ்வளவு, சாப்பாடு சேர்ந்ததா இல்லையா, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை ஒரு துண்டுக் கடதாசியில் அச்சிட்டுக் கொடுக்க என்ன செலவாகப் போகிறது?

இரண்டாவது வாக்குறுதி. யானை கடையில் அடுக்கி வைத்த சாமான் அல்ல. வஸ்கமுவயில் யானைக் கூட்டங்களைக் காண நவம்பர் முதல் மே வரை ஏற்ற காலம் என்பார்கள். மின்னேரியவில் யானைகள் பெருந்தொகையாகக் கூடுவது ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில். எந்த மாதம் எங்கே போகலாம் என்று உள்ளதை உள்ளபடி சொல்பவரிடமே ஆள் திரும்ப வரும். “கட்டாயம் காட்டுவேன்” என்று வாக்குக் கொடுத்தவர், அதைக் காப்பாற்ற வாகனத்தை யானையின் முகத்துக்கு நேரே கொண்டுபோய் நிறுத்துவார். ஒரு சிறுத்தையைச் சுற்றி வரிசையாக ஜீப்கள் நெருக்கியடித்து நிற்கும் யால பூங்காவின் நிலை எல்லோரும் அறிந்தது. வஸ்கமுவயின் விலை அதன் அமைதியில் இருக்கிறது. அதைக் கெடுத்துவிட்டால் விற்க ஒன்றும் மிஞ்சாது.

மூன்றாவது கொமிஷன். மாத்தளை வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்கள் சிலவற்றில் சாரதிக்குக் கொடுக்கும் கொமிஷனையும் சேர்த்து விலை வைத்ததன் விளைவு என்ன? கவனமாக இருங்கள் என்று ஒரு பயணி மற்றொரு பயணிக்குச் சொல்லி அனுப்பும் நிலை வந்தது. நல்ல சரக்கு வைத்திருந்தவரும் அந்தக் கெட்ட பெயரில் பங்கு வாங்கினார். வில்கமுவயில் அந்த வழக்கம் தொடங்குமுன்பே நிறுத்த வேண்டும். சாரதிக்கு உரிய கூலியை நேராகக் கொடுங்கள். பொருளின் விலையில் ஒளித்து வைக்க வேண்டாம்.

நான்காவது வழிகாட்டி. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்குப் பல தரங்களில் அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. குறிப்பிட்ட பிரதேசத்துக்கு மட்டும் உரியதும் அதிலொன்று. வளைகுடா நாடுகளில் பல வருடம் சாரதியாக வேலை செய்து ஊர் திரும்பிய எமது சகோதரர்கள் பலருக்கு ஆங்கிலமும் அரபும் பேச வரும். காட்டை அறிந்தவர் உள்ளூர் சிங்கள விவசாயியின் மகன். மொழி அறிந்தவர் இவர். இருவரும் ஒரே ஜீப்பில் ஏறினால் அரபு நாட்டிலிருந்து வரும் குடும்பத்துக்கும் அதைவிட நல்ல வழிகாட்டல் கிடைக்காது. ஒருவர் மற்றவரின் பிழைப்பைப் பறிப்பதாக எண்ணாமல் பங்காளிகளாக ஆரம்பிக்க வேண்டும். பங்கு எவ்வளவு என்பதையும் முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

தம்புள்ளை ஹோட்டல்காரரோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை. பார்படோஸ் டாக்ஸிக்காரர் கப்பலை எதிர்த்து நிற்கவில்லை. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் அந்தச் சில மணித்தியாலத்தைத் தமதாக்கிக்கொண்டார், அவ்வளவுதான். வில்கமுவக்கும் கிடைப்பது அதே சில மணித்தியாலங்கள். அதில் சாரதிக்குக் கூலியும், விவசாயியின் தோடம்பழத்துக்கு விலையும், கடைக்காரரின் கொப்பியில் தீர்ந்த கணக்கும் இருக்க வேண்டும். ஹெட்டிபொல, நாவுல, எலஹெர வர்த்தகர்கள் ஒரு முறை ஒன்றுகூடி இதைப் பேசிப் பார்ப்பார்களா?